வேலூர் வெயிலிலும் கார்புரேட்டரில் ஐஸ் கட்டும்

வேலூர் அப்துல்லாபுரம் ஓடுதளத்துக்கு மேலே பறக்கும் செஸ்னா 152 என்ற சின்னப் பயிற்சி விமானத்தின் இறக்கையில் ஐஸ் பிடிப்பதற்கு அநேகமாக வாய்ப்பே இல்லை. நம்மூர் வானில் வெப்பம் பூஜ்ஜியம் டிகிரிக்கு இறங்கும் உறைநிலை ஏறக்குறைய 16,000 அடியில்தான். அவ்வளவு உயரம் அந்த விமானம் ஏறாது. என்ஜினுக்காக எரிபொருளையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் கதை வேறு. எரிபொருள் ஆவியாகும்போதும், அதன் குறுகிய கழுத்தில் காற்றழுத்தம் விழும்போதும் உள்ளே வெப்பம் 30 டிகிரிக்கு மேல்கூட இறங்கும். காற்றில் ஈரம் இருந்தால், வெளியே 25 டிகிரி அடித்தாலும் என்ஜினுக்குள் போகும் கலவையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தகட்டில் ஐஸ் கட்டும். மழை விட்ட ஐப்பசிக் காலையில், பாலாற்றுப் பக்கம் மூட்டமாக இருந்தால் சந்தேகத்தோடே பறங்கள்.

த்ராட்டிலைத் தொடாமலே ஆர்பிஎம் (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) மெல்லக் குறைகிறதா? கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்ப் ஹீட் குமிழை முழுசாக இழுங்கள். ஆர்பிஎம் இன்னும் விழும், என்ஜின் குலுங்கும்; உருகின தண்ணீர் உள்ளே போகிறது, அவ்வளவுதான். பயந்துபோய் குமிழைத் திரும்ப அமுக்குவதுதான் பெரிய தப்பு. பொறுத்தால் ஆர்பிஎம் ஏறும். பாதி இழுப்பதும் வேண்டாம், சில சமயம் அதுவே ஐஸை வளர்த்துவிடும்.

இறங்கும்போது, த்ராட்டிலைக் குறைக்கும் முன்பே கார்ப் ஹீட்டை இழுத்துவிடுங்கள். சூடு புகைக்குழாயிலிருந்து வருகிறது; என்ஜின் நின்றபின் இழுத்துப் பயனில்லை. தரையில் மட்டும் சோதித்த கையோடு குமிழைத் திரும்ப அமுக்கி மூடுங்கள். அந்தச் சூடான காற்று ஃபில்டர் வழியே வராது, புழுதி நேரே சிலிண்டருக்குத்தான்.