கேணித் தண்ணீரில் ஓர் ஒற்றைக் கண்

உயர்தர வகுப்பில் விலங்கியல் படிப்பித்த மாஸ்டர் ஒரு நாள் எங்களைக் கோயில் கேணிக்குக் கூட்டிச் சென்றார். ஜாம் போத்தலில் அள்ளி வந்த தண்ணீர் பார்வைக்குப் பளிங்கு போலிருந்தது. அதில் ஒரு துளியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தபோது, நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கண்ணும் வாலின் இருபுறமும் திராட்சைக் குலை போன்ற முட்டைப் பைகளுமாக ஒரு பூச்சி துள்ளித் துள்ளி ஓடியது. "இதன் பெயர் சைக்கிளொப்ஸ்" என்றார் மாஸ்டர்.

வீட்டில் அம்மம்மா பழைய நூல்சேலைத் துண்டை நாலாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டித்தான் தண்ணீர் வார்ப்பார். தூசி விழாமல் இருக்கத்தான் என்று நினைத்திருந்தேன்.

அது 1982ஆம் ஆண்டு. அதே ஆண்டில்தான் அமெரிக்காவில் நுண்ணுயிரியலாளர் ரீட்டா கொல்வெல் குழுவினர் ஒரு முக்கியமான உண்மையை வெளியிட்டார்கள். வாந்திபேதிக் கிருமியான விப்ரியோ கொலரே, கடல்நீரிலும் கழிமுக நீரிலும் கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் ஏகார் தட்டில் வளராத நிலைக்குப் போனாலும் சாவதில்லை. நாங்கள் "இல்லை" என்று எழுதிவைத்த தண்ணீரிலும் அது உயிரோடு உறங்கிக் கிடக்கலாம். எத்தனை பழைய சோதனை முடிவுகளை இந்த ஒரு வரி கேள்விக்குள்ளாக்கியது!

பின்னாளில் இங்கிலாந்தில் நீர் மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். குறித்த கிருமியில் போய் ஒட்டும் பிறபொருளெதிரியில் ஒளிரும் சாயம் சேர்த்துப் பார்க்கும் முறையை அங்கேதான் பழகினேன். விளக்கை அணைத்துவிட்டுக் குனிந்தேன். சைக்கிளொப்ஸின் முட்டைப் பையைச் சுற்றிப் பச்சைப் புள்ளிகள் அப்பிக்கொண்டு மின்னின. அந்தப் புள்ளிகள்தான் வாந்திபேதிக் கிருமிகள்; அவற்றை அன்றுதான் அப்படிக் கண்டேன். அவை ஏறியிருந்த பூச்சியின் இனத்தையோ கேணிக்கரையிலேயே அறிந்திருந்தேன்.

2003இல் அதே கொல்வெல் குழுவினரின் இன்னொரு கட்டுரையைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. பங்களாதேஷின் மத்லப் பகுதியில் 65 கிராமங்கள், ஏறக்குறைய 1,33,000 மக்கள். மடித்த பழைய சேலையால் குளத்து நீரையும் ஆற்று நீரையும் வடித்துக் குடித்த இடங்களில் வாந்திபேதி 48 சதவீதம் குறைந்திருந்தது. புதுச் சேலையைவிடப் பழையதே நல்லது; தோய்த்துத் தோய்த்து நூலில் பஞ்சு கிளம்பி, துணியின் துளைகள் சுருங்கிவிடும். 20 மைக்ரோனுக்கு (ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு) மேற்பட்ட பூச்சி அதில் தங்கும், பூச்சியோடு கிருமியும் தங்கும்.

ஆனால் ஊரில் உள்ளவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் சிக்கல் வேறு. வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல் வழியே மலக்குழி நீர் கிணற்றுக்குள் கசிந்துவிடும். அதில் வரும் மலக்கிருமியான ஈ.கோலை பூச்சியில் ஏறி வருவதில்லை. இரண்டு மைக்ரோன் நீளமுள்ள அதை எந்தச் சேலையும் தடுக்காது. கொதிக்க வைத்தே குடியுங்கள்.

கல்லூரி ஆய்வுகூடத்துக்கு எங்கள் பழைய மாணவர் சங்கம் ஏதாவது வாங்கிக் கொடுக்க நினைத்தால், முதலில் நல்ல நுணுக்குக்காட்டிகளை வாங்குவோம். கேணி நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது.