திரும்பி வராத தேனீக்கள்

எங்கள் முருங்கைத் தோட்டத்து வரப்போரம் ஆறு தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறோம். சென்ற தை மாதத்தில் ஒரு நாள் காலை பத்து மணிவாக்கில், மூன்றாவது பெட்டியின் வாசலுக்குக் கீழே தேனீக்கள் மல்லாந்து கிடந்து சுழன்றுகொண்டிருந்தன. உறிஞ்சுகுழல் வெளியே நீண்டிருந்தது, கால்கள் நடுங்கின. அடுத்த தோட்டத்துப் பாகல் பந்தலில் அன்று விடிந்ததும் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு மருந்தடித்திருக்கிறார்கள். அந்தத் தோட்டத்து அண்ணனிடம் சொன்னபோது அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். “தம்பி, உன் பெட்டிப் பக்கம் ஒரு சொட்டுகூட விழலையே” என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஆனால் பெட்டியிலிருந்து சுற்றுவட்டம் ஒரு கிலோமீட்டர் வரை பூத்திருப்பதெல்லாம் இந்தியத் தேனீக்கு மேய்ச்சல் நிலமே. பாகல் பூ காலையில் விரிவது. ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக இருப்பதால், தேனீ போன்ற பூச்சிகள் வந்து போனால்தான் காய் பிடிக்கும். தம் பந்தலுக்குக் காய் தர வந்தவற்றையே அந்த நேரத்தில் அவர் நனைத்துவிட்டார்.

அன்று வாசலில் எண்ணிப் பார்த்தேன். இறந்தவை இருநூறுகூட இல்லை. ஆனால் ஒரு வாரத்துக்குள் பெட்டியின் தேனடைகளில் பாதி வெறிச்சோடிப் போயிற்று. மற்றவை எங்கே போயின என்ற கேள்வி என்னை உறங்கவிடவில்லை. அந்த அண்ணன் காட்டிய மருந்துப் புட்டியில் தயாமீதாக்சம் என்று இருந்தது. இமிடாகுளோபிரிட், குளோத்தியானிடின் ஆகியவற்றோடு சேர்ந்த நியோனிகோட்டினாய்டு வகை மருந்து அது. இவை பூச்சியின் நரம்புகளில் செய்தி வாங்கும் இடத்தைப் பற்றிக்கொண்டு, நரம்பை ஓயாமல் தூண்டுகின்றன. இமிடாகுளோபிரிட் ஏறத்தாழ 4 நானோகிராம் வயிற்றுக்குள் போனாலே இத்தாலியத் தேனீக்களில் பாதி இறந்துவிடும். ஒரு கிராமை நூறு கோடியாகப் பகுத்தால் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம்.

கொல்லும் அளவுக்கும் குறைவாக இந்த வகை மருந்து உள்ளே போனால் என்ன செய்யும் என்பதைப் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். 650க்கும் மேற்பட்ட தேனீக்களின் முதுகில் மின்னணுச் சில்லுகளை ஒட்டி, ஒரு பகுதிக்குக் கொல்லாத அளவு தயாமீதாக்சம் கலந்த சர்க்கரைக் கரைசலைக் கொடுத்து, கூட்டிலிருந்து தொலைவில் கொண்டுபோய் விட்டார்கள். மருந்து உண்டவற்றில், உண்ணாதவற்றைவிட மிகுதியானவை வழி தவறிக் கூடு திரும்பவே இல்லை. என் பெட்டிக்கு நேர்ந்ததும் பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். வயலில் செத்த தேனீக்கு வாசலில் பிணமில்லை; ஆகவே அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தேன் சேர்ப்பவை குறைந்ததும், கூட்டில் வளரும் குஞ்சுகளான புழுக்களைப் பேண வேண்டிய இளந்தேனீக்கள் பருவத்துக்கு முன்பே வெளியே போகின்றன, புழுக்கள் பட்டினி கிடக்கின்றன.

செருமனியில் 2008ஆம் ஆண்டு வசந்தத்தில், ரைன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மக்காச்சோளம் விதைத்தபோது, விதையில் சரியாக ஒட்டாத குளோத்தியானிடின் பூச்சு தூளாக உதிர்ந்து, விதைக்கும் இயந்திரத்தின் காற்றோடு பறந்து, பூத்திருந்த கடுகினப் பயிரிலும் பழமரங்களிலும் படிந்தது. 11,000க்கும் மேற்பட்ட தேனீக் குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் இம்மூன்று மருந்துகளுக்கும் கட்டுப்பாடு விதித்து, 2018இல் திறந்த வெளியில் அவற்றைப் பயன்படுத்துவதையே தடுத்தது.

மாலையில் அடித்தால் போதும் என்று பலரும் சொல்கிறார்கள். பட்டவுடன் கொல்லும் மருந்துகளுக்கு அது ஓரளவு பொருந்தும். அந்தி சாய்ந்தபின் தேனீ வயலில் இருப்பதில்லை. ஆனால் செடிக்குள் ஊடுருவும் மருந்து சாற்றோடு ஏறி மகரந்தத்துக்கும் பூந்தேனுக்கும் வந்துவிடுவதால், மறுநாள் காலையில் விரியும் பூவிலும் அது இருக்கும். ஆகவே பூக்கும் பருவத்தில் இந்த வகையை அறவே தவிர்ப்பதே சரி என்பது என் உறுதியான எண்ணம்.

அண்ணன் இப்போது மருந்தடிப்பதற்கு முந்தின நாளே சொல்லிவிடுகிறார். பூ விட்ட பந்தலுக்கு வேப்பங்கொட்டைக் கரைசலை அந்தியில் அடிக்கிறார். மூன்றாவது பெட்டியில் எஞ்சியிருந்த தேனீக்கள் மாசி பிறக்குமுன் ராணியோடு கூட்டைவிட்டு ஓடிவிட்டன. அந்த அடைகளை நான் இன்னும் எடுக்கவில்லை.