குன்னூர் டப்பிங் நாட்குறிப்பு: சிரிப்புக் குரலின் வேலை

அக்டோபர் 6

குன்னூருக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். தகரக் கூரை வீட்டில் குரல் பதிவு செய்பவர்களுக்கு இந்த மாதங்கள்தான் கஷ்டம். ஜன்னலை எத்தனை அடைத்தாலும் சத்தம் மேலிருந்து இறங்கும். கூரைக்கு அடியில் பிளைவுட் அடித்து, இடைவெளியில் ராக்வூல் (பாறை நாரால் ஆன பஞ்சு) திணித்தால் பெருமளவு அடங்கும். சுவருக்குக் கம்பளி போதும். ஒட்டித் தொங்கவிடாமல் நான்கு அங்குலம் தள்ளித் தொங்கவிட்டால் எதிரொலியை நன்றாக வாங்கிக்கொள்ளும்.

கண்டென்சர் மைக்குக்குள் இருக்கும் மெல்லிய படலத்தில் ஈரம் ஏறினால் பேச்சின் நடுவே படபடவென்று பொரியும். வேலை முடிந்ததும் இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும். நீல மணிகள் ரோஸ் நிறமானால் ஈரம் குடித்து முடித்துவிட்டன என்று அர்த்தம். அவற்றைச் சமையல் சட்டியில் வறுக்காதீர்கள், நீலச் சாயத்தில் கோபால்ட் உப்பு உண்டு.

அக்டோபர் 9

கீச்சுக் குரலைத் தொண்டையை இறுக்கி எடுப்பவர்களுக்கு அரை மணி நேரத்தில் கம்மிவிடும். நாக்கின் நடுப்பகுதியை மேலண்ணம் நோக்கி உயர்த்தி, உதட்டைப் பக்கவாட்டில் விரித்துப் பேசினால் அதே சின்னக் குரல் வரும், தொண்டைக்கும் வலிக்காது. கிழவர் குரலுக்குத் தாடையைத் தளர்த்தி மூச்சைக் கூடக் கலக்க வேண்டும். அலறல், அழுகை, அடிவாங்கும் சத்தம் உள்ள வசனத் துண்டுகளைத் தனியே குறித்து, நாளின் கடைசியில் எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதில் தயக்கமே வேண்டாம். குரல் போனால் மறுநாள் வேலையும் போகும்.

அக்டோபர் 14

படம் நொடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனிப் படங்கள்) ஓடுகிறது என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லிநொடி. உதடு மூடும் இடம் சில ஃபிரேம் தள்ளினாலே ஒட்டவில்லை என்று தெரிந்துவிடும். எல்லா எழுத்தையும் துரத்த வேண்டாம், ப-வும் ம-வும் சரியாக விழுந்தால் பாதி வேலை முடிந்தது. திரையில் வாய் மூடி முடிகிறது, கையில் உள்ள வசனமோ "அவன் திருடிட்டான்". "திருடிட்டானாம்" என்றால் உதடு ஒட்டும், ஆனால் கேள்விப்பட்ட செய்தியாகிவிடும். காட்சி அதைத் தாங்காது என்றால் "அவன் திருடிட்டான், ஆமாம்" என்று போட்டுப் பார்க்கலாம். கடைசியில் உதடு மூடும், பொருளும் மாறாது.

சிரிப்பு வசனத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் வினைச்சொல். "மாமியாருக்கு மிளகாய்ப்பொடியைக் குடுத்தேன்" என்றால் சிரிப்பு நடுவில் வந்து, "குடுத்தேன்" அதை அமுக்கிவிடும். "மாமியாருக்குக் குடுத்தது... மிளகாய்ப்பொடி" என்று திருப்பி, இடையில் சின்ன மூச்சு விட்டால்தான் எடுபடும். பாத்திரம் சிரிக்கும்போது உள்ளே இழுக்கும் மூச்சையும் பதிய வேண்டும். அதை விட்டால் சிரிப்பு தனியாக மிதக்கும்.

அக்டோபர் 18

எம்.எஸ்.பாஸ்கரைச் 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' பட்டாபியாகத் தெரிந்த பலருக்கு அவர் எத்தனை பேருக்குக் குரல் கொடுத்தவர் என்பது தெரியாது. 2025-இல் அவருக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அறிவித்தார்கள். அவர் நடிப்பைச் சத்தத்தைக் குறைத்து ஒருமுறை, பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்கச் சொல்கிறோம். வாக்கியத்தின் வேகம் எங்கே மாறுகிறது என்பது இரண்டாம் முறையில் பளிச்சென்று பிடிபடும்.

அக்டோபர் 23

வாய்ஸ் டெஸ்டுக்குப் போகிறவர்கள் மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை. மலையிறங்கும்போது காது அடைத்துக்கொள்ளும். எச்சில் விழுங்கியோ கொட்டாவி விட்டோ திறந்துவிடுங்கள். அடைத்த காதோடு ஹெட்ஃபோன் மாட்டினால் தன் குரலே பெரிதாகக் கேட்டு, தெரியாமலே அடக்கிப் பேசுவோம். பதிவுக்கு முன் பால், ஐஸ் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீர் போதும். வாயில் சொடக்குச் சத்தம் வந்தால் புளிப்பு ஆப்பிள் ஒரு துண்டு.

முதலில் கிடைப்பது கூட்டக் குரலாகத்தான் இருக்கும். சந்தைக் காட்சியில் ஒருவர் கத்திரிக்காய் விலை கேட்டால் அடுத்தவர் வேறு ஏதாவது கேட்க வேண்டும். எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னால் எல்லா ஒலியையும் சேர்க்கும் மிக்ஸிங்கில் அது மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும், உடனே "ஒன் மோர்" வரும்.