ஊருணிச் சேறு: ஐப்பசி நாட்குறிப்பு

அக்டோபர் 22

ராத்திரி முழுக்க மழை. அப்பா இரண்டு தடவை எழுந்து, கண்மாய் நிரம்பி வழியும் கலுங்குப் பக்கம் சத்தம் கேட்கிறதா என்று கேட்டார். கண்மாயில் கால்வாசித் தண்ணீர்கூட இல்லை. "கேக்கலப்பா, படுங்க" என்றேன்.

விடிந்ததும் ஊருணிப் படித்துறை ஓரத்துப் பாசியைச் சேற்றோடு அள்ளி வந்தேன். ஓட்டு அமீபா, அதாவது தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்ளும் ஒற்றைச் செல் உயிர், தேடுகிறவர்கள் தெளிந்த தண்ணீரில் கை வைக்க வேண்டாம். பாசியைப் பிழிந்து, கொஞ்ச நேரம் படியவிட்டு, அடியில் தங்கும் வண்டலிலிருந்து ஒரு சொட்டு மைக்ராஸ்கோப்புக்குப் போதும். முதல் சொட்டிலேயே ஆர்செல்லா. தேன் நிறத்தில் வட்ட ஓடு, நட்டநடுவில் வட்ட வாய். நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 23

அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. அதைக் காட்டும் ரத்தச் சோதனையில் கிரியேட்டினின் 4.1. "ஒரு எண்ணை மட்டும் வச்சு முடிவு சொல்ல மாட்டேன், திரும்ப எடுத்துப் பாப்போம்" என்கிறார் டாக்டர். நவம்பர் 4 வரைக்கும் என்ன செய்வது?

அக்டோபர் 24

காலையில் ஒரு வாய் குடித்துவிட்டு அப்பா செம்பைத் தள்ளினார். "ஊருணித் தண்ணி கரிக்குது."

அம்மா குடித்துப் பார்த்தாள். அப்பத்தா குடித்தாள். நானும் குடித்தேன். எங்கள் யாருக்கும் கரிக்கவில்லை. உப்பில்லாத சோறு சாப்பிடுகிற நாக்கு இத்தனூண்டு உப்பையும் பிடித்துவிடுமா? இல்லை, நோய் நாக்கைக் கெடுத்துவிட்டதா? எந்தக் கிணறு எந்த மாசம் உவர்க்கும் என்று ஊருக்கே சொன்னவர். அவர் சொல்வதை எப்படித் தள்ளுவது? கிழக்கே கூப்பிடு தூரத்தில் கடல். இந்தக் கரையில் நல்ல தண்ணி நல்ல தண்ணியாகவே இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

மத்தியானம் அதே சேற்றில் முள் வைத்த ஒன்று. ஆர்செல்லா டெண்டாட்டாவா, சென்ட்ரோபிக்ஸிஸ் அக்யுலியாட்டாவா என்று சாயங்காலம் வரை மல்லுக்கட்டினேன். இரண்டுக்கும் முள் உண்டு. முதலாவதற்கு ஓரம் சுற்றிலும் பல் பலாய் நிற்கும், ஓடு மணல் ஒட்டாமல் சுத்தமாக இருக்கும், வாய் நடுவில். இரண்டாவதற்கு முள் ஒரு பாதியில் மட்டும். வாய் எதிர்ப்பக்கமாக ஒதுங்கியிருக்கும். ஓட்டின் மேல் மணல் துணுக்கு ஒட்டிச் சொரசொரப்பாகத் தெரியும். என்னுடையது காலி ஓடு, வாய்ப்பக்கம் கீழே கிடந்தது. சொட்டை மூடிய மெல்லிய கண்ணாடியின், கவர் ஸ்லிப்பின், ஓரத்தை ஊசியால் மெல்லத் தட்டித் தட்டி உருட்டினேன். புரண்டது. வாய் ஒதுங்கித்தான் இருந்தது. 400 மடங்கில் என் மைக்ராஸ்கோப்பில் தெரியும் வட்டத்தின் குறுக்களவு 450 மைக்ரான். இது அதில் மூன்றில் ஒரு பங்கை அடைத்தது. சென்ட்ரோபிக்ஸிஸ்தான்.

ஓட்டு அமீபாக்களில் லேசான உப்பைத் தாங்கக்கூடியது அது. அந்த நேரத்தில் அதை நினைத்திருக்கவே வேண்டாம்.

அக்டோபர் 25

கால் வீக்கம் அப்படியே.

அக்டோபர் 26

தூக்கம் வரவில்லை. நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். சென்ட்ரோபிக்ஸிஸ் நல்ல தண்ணீரிலும் தாராளமாக வாழும். அது இருப்பதாலேயே உப்பு ஏறிவிட்டது என்று ஆகாது. உப்பு ஏறினால் மற்றவை குறையும், இது நிற்கும். ஆக, இது இருக்கிறதா என்று கேட்பதைவிட, இதோடு வேறு யார் யார் இருக்கிறார்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

இன்னொன்று. அமீபா செத்தாலும் ஓடு சேற்றில் கிடக்கும். மழைத்தண்ணீர் வரத்துக்கால் வழியே எங்கிருந்தோ அடித்துக்கொண்டும் வரும். காலி ஓடு பழைய சேதி. உள்ளே உயிர் இருந்தால்தான் இன்றைய சேதி.

நாளை முழுக்க உயிருள்ளதை மட்டும் பார்ப்பேன்.

அக்டோபர் 27

டிஃப்லூஜியா! மணலாலேயே கட்டிய குடுவை, வாயிலிருந்து மழுங்கலான பொய்க்கால் (கால்போல நீளும் உடல் பகுதி) இரண்டு நீட்டிச் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தது. 1815இல் லெக்ளேர் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர். இரண்டாகப் பிரிவதற்கு முன்னாலேயே மணலை விழுங்கி உள்ளே சேர்த்து வைத்துக்கொள்ளும். பிறக்கப்போகிற ஓட்டுக்கு அதுதான் சாமான். அப்பத்தாவைப் பார்க்க வைத்தேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "புள்ளைக்கு வீடு கட்ட மணல் சேக்குதாக்கும்" என்றாள். அப்பாவிடமும் போய் அதையே சொன்னாள். அப்பா சிரித்தார், இந்த வாரத்தில் முதல் தடவையாக.

இன்றைக்கு அப்பா செம்பைத் தள்ளவில்லை. ஆனால் குடிக்கவும் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் என்று டாக்டர் அளந்துவிட்ட பிறகு, எதைக் குடிப்பது எதை விடுவது என்று அவர் போடும் கணக்கு யாருக்கும் பிடிபடுவதில்லை.

அக்டோபர் 29

தேவிபட்டினம் போனேன், மாத்திரை வாங்க. வரும்போது கரையில் ஒதுங்கிய கடற்புல்லை ஒரு கவரில் போட்டுக்கொண்டேன். உதறினால் ஃபொராமினிஃபெரா, கடலில் வாழும் ஓட்டு உயிர், கொட்டுகிறது. சுருள் சுருளாய், அறை அறையாய். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டதும் ஓட்டிலிருந்து குமிழி கிளம்பியது, சுண்ணாம்பு. ஊருணியின் மணல் ஓட்டில் அதே சாறு, ஒன்றுமே ஆகவில்லை. இரண்டையும் ஓட்டு அமீபா என்று ஒரே வாயால் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஆர்செல்லாவும் இதுவும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. இதன் பொய்க்கால் நூல் நூலாகப் பிரிந்து வலையாய்ப் பின்னிக்கொள்ளும். ஓடு கட்டும் வேலையைத் தனித்தனியாகக் கற்றுக்கொண்டவை.

ஊருணிச் சேற்றில் இந்தச் சுருள் ஒன்றுகூட இல்லை. திரும்பவும் தேடிப் பார்த்துவிட்டேன்.

அக்டோபர் 30

அண்ணன் போனில்: "எல்லாத்தையும் வித்துட்டு மதுரைக்கு வந்துருங்க." வயலையும் விற்கலாம், வீட்டையும் விற்கலாம். அப்பாவைக் கண்மாய்க் கரையிலிருந்து பெயர்த்து எந்த மாடியில் வைப்பது? நான் கத்திவிட்டேன். அம்மா அழுதாள்.

அக்டோபர் 31

குடிதண்ணீர் கேன் போடும் தம்பி டிடிஎஸ் மீட்டர் கொண்டு வந்தான். ஊருணி லிட்டருக்கு 710 மில்லிகிராம். குடிதண்ணீருக்கு 500க்குள் இருந்தால் நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். கரைந்திருப்பது எவ்வளவு என்று மீட்டர் சொல்லும், எது கரைந்திருக்கிறது என்று சொல்லாது. அப்பாவிடம் காட்டினேன். "கரிக்குதுன்னு நான் சொன்னேன், எவ்வளவுன்னு நீ சொல்லிட்ட" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நவம்பர் 1

மழை. கரண்ட் இல்லை. நல்லவேளை, மைக்ராஸ்கோப்பின் அடியில் கண்ணாடி இருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் போதும்.

ஆர்செல்லா ஒன்று மல்லாந்துவிட்டது. வாய் மேலே, ஓடு கீழே. பொய்க்காலுக்குப் பிடிமானம் இல்லை. என்ன செய்யும் என்று படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. உள்ளே ஒரு ஓரமாகக் கறுப்பு வளையம் தெரிந்தது, அது மெல்லப் பெரிதானது. காற்றுக்குமிழி, தானே உண்டாக்கியது. அந்தப் பக்கம் லேசாக எழும்பியது. ஓடு சாய்ந்து, ஒரு பொய்க்கால் கண்ணாடியைத் தொட்டு, புரண்டு, நிமிர்ந்தது. குமிழியும் சுருங்கிப் போனது. மூளை இல்லை, நரம்பு இல்லை, ஒரே ஒரு செல். அப்பாவைக் கூப்பிட ஓடினேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப மனசு வரவில்லை. மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 2

நிறமே இல்லாத ஆர்செல்லா! கண்ணாடி மாதிரி ஓடு, உள்ளே உட்கரு இரண்டும் தெரிகின்றன. ஓடு புதிதாக இருக்கும்போது நிறமிருக்காது. நாளாக ஆக இரும்பும் மாங்கனீஸும் ஏறித்தான் மஞ்சளாகும், பழுப்பாகும். அப்படியென்றால் இது இங்கேயே, இந்த ஊருணியிலேயே, இப்போதுதான் பிறந்தது. பக்கத்திலேயே இன்னொன்றும் அதேபோல. பெருகுகிறார்கள். உப்பு ஏறிய தண்ணீரில் இப்படிப் பெருக மாட்டார்கள்.

அப்பாவிடம் சொன்னேன். "சரிதான்" என்றார். கொஞ்சம் கழித்து, "உள்மடைக்குக் கிழக்கே அள்ளிப் பாரு. உவரு அங்கதான் மொதல்ல வரும்" என்றார்.

நவம்பர் 3

உள்மடைக்குக் கிழக்கே சேறு எடுத்தாயிற்று. முதல் ஸ்லைடில் சென்ட்ரோபிக்ஸிஸ், உயிரோடு. இரண்டாவதிலும் அதுதான். ஆர்செல்லா இன்னும் கண்ணில் படவில்லை. அதிகாலை பஸ். கவர் ஸ்லிப் ஓரத்தில் வாசலின் தடவி வைத்திருக்கிறேன், நாளை ராத்திரி வரை காயாது.

நவம்பர் 4

ரத்தம் கொடுத்தாச்சு. ரிசல்ட் மூன்று மணிக்காம். அப்பா பெஞ்சில் படுத்திருக்கிறார், தாகம் என்கிறார். கணக்குப்படி இன்னும் இருநூறு மில்லி இருக்கிறது. கேன் தண்ணீர் வேண்டாமாம், ஊருணித் தண்ணி கொண்டுவந்தியா என்கிறார்.