வாஷ்பேசின் பக்கத்து டேபிள்கள்

ஏப்ரல் 25, 2025, வெள்ளி

கடைசி செமஸ்டர் முடிந்த கையோடு வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். மதுரையில், மாசி வீதிகளில் ஒன்றில் இருக்கும் சைவ ஓட்டல். சப்ளையர் வேலை. மாடியில் தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, மாதச் சம்பளம். ரிசல்ட் வரும்வரை ஊரில் சும்மா உட்கார்ந்து அம்மாவிடம் பேச்சு வாங்குவதற்கு இது தேவலை.

பிரேக் டூட்டி. காலை ஆறிலிருந்து பதினொன்று, அப்புறம் மாலை நாலிலிருந்து கடை அடைக்கும்வரை. வேலை பழக என்னை ஒரு சீனியரிடம் விட்டார் மேனேஜர். பெயர் வேண்டாம், சீனியர் என்றே எழுதுகிறேன். நாலு தோசைத் தட்டை இடது கையில் முழங்கைவரை அடுக்கிக்கொண்டு, வலது கையில் சட்னி வாளியோடு நாற்காலி இடுக்கில் புகுந்து போகிறார். ஒரு சொட்டு சிந்தவில்லை. நான் அசந்துபோய் நின்றேன். "பாத்தது போதும், போயி பேசின் பக்கத்து டேபிளப் பாரு" என்றார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஏ.சி. ஹாலில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். மினி டிபன், நெய் ரோஸ்ட், பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம். சோம்புத் தட்டில் ஏதாவது நோட்டு விழும். வாஷ்பேசினை ஒட்டிய டேபிள்களில் உட்காருபவர்கள் தனி ஆட்கள். ஒரு காபி, ஒரு வடை, எழுந்து போய்விடுவார்கள். போதாததற்கு, கை கழுவி வருபவர்கள் உதறும் தண்ணீரெல்லாம் அந்த மேசைமேல்தான். துடைத்து மாளவில்லை.

எந்த டேபிள் யாருக்கு என்று கல்லாவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதை யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. சீனியர் கை காட்டுவதுதான் கணக்கு. ஏ.சி. ஹால் எப்போதும் அவருக்கு.

டிப்ஸே குறைந்துவிட்டது என்கிறார்கள் பழைய ஆட்கள். முன்பு மீதிச் சில்லறையைத் தட்டிலேயே விட்டுப் போவார்களாம். இப்போது எல்லாரும் ஃபோனை நீட்டி ஸ்கேன் செய்கிறார்கள், மீதி என்று ஒன்று ஏது? இன்னொரு கொடுமை, பில்லில் இருக்கும் 5 சதவீத ஜி.எஸ்.டி. மத்திய அரசுக்கு இரண்டரை, மாநிலத்துக்கு இரண்டரை. அது எங்களுக்கு வருகிறது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். "அதான் பில்லுலயே எடுத்துக்கிட்டீங்களேப்பா" என்றார் ஒருவர் இன்று. என்ன சொல்ல?

ஏப்ரல் 29, செவ்வாய்

மீனாட்சியம்மன் கோயிலில் சித்திரைத் திருவிழா கொடியேற்றம். காலை எட்டு மணிக்கே கூட்டம் வாசல்வரை.

என் டேபிளுக்கு இரண்டு நெய் ரோஸ்ட் சொல்லியிருந்தேன். வரவே இல்லை. உட்கார்ந்திருந்தவர் மூன்று முறை கேட்டார், நாலாவது முறை கத்தினார். உள்ளே ஓடினால், கவுண்டரில் சீனியர் நிற்கிறார். எங்கள் கடையில் ஆர்டர் சீட்டு அடுப்படியில் அச்சாகி வரும். தோசை மாஸ்டர் அதைக் கம்பியில் வரிசையாகச் செருகுவார். தோசை ஆனதும் தட்டையும் சீட்டையும் சேர்த்துக் கவுண்டரில் வைப்பார். சீனியர் தட்டுக்கு அடியிலிருந்த என் சீட்டை இரண்டு விரலால் உருவினார், கம்பியில் கடைசியாகச் செருகினார், தன் சீட்டைத் தட்டுக்கடியில் வைத்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டார். கண் மூடித் திறப்பதற்குள். நான் பார்த்தது அவருக்கும் தெரியும்.

மறுபடி வரிசை, மறுபடி காத்திருப்பு. டேபிளில் திட்டு எனக்கு. அப்புறம் மேனேஜர் கூப்பிட்டு, "புதுசுங்கிறதுக்காக இவ்வளவு ஸ்லோவா இருக்கக்கூடாது தம்பி" என்றார்.

மே 1, வியாழன்

இன்றும் கடை உண்டு. கிளீனர் அக்கா மே தினத்துக்கு இரட்டைச் சம்பளம் என்றார். சீனியர் குறுக்கே வந்து, "அதெல்லாம் பழைய ஆளுகளுக்கு. சேந்து ஒரு வாரம் ஆகல, உனக்கென்ன ரெட்டை?" என்றார்.

எனக்குச் சந்தேகம். மே தினத்தன்று ஆள் வைத்து வேலை வாங்கிய கடைகளிலும் ஓட்டல்களிலும் தொழிலாளர் துறை சோதனை என்று வருஷா வருஷம் பேப்பரில் வருமே. மதியம் மாடியில் படுத்துக்கொண்டு தேடினேன். 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் சம்பளத்தோடு விடுமுறை. அன்றைக்கு வேலை பார்த்தால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு இன்னொரு நாள் லீவு. மாலையில் கேஷியரிடம் கேட்டேன். அவர் பதிவேட்டை எடுத்து, "உன் பேரும் இருக்கே, இங்க கையெழுத்துப் போடு" என்றார். மாற்று நாள் லீவு என்று எழுதிக்கொண்டேன்.

ஆக, வேண்டுமென்றே சொன்ன பொய். இதில் அவருக்கு என்ன லாபம் என்றுதான் புரியவில்லை. சீட்டு மாற்றினாலாவது டிப்ஸ் வரும்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடக்கம். அடுப்படிப் பக்கம் போனாலே சட்டை நனைந்துவிடுகிறது.

மேனேஜரிடம் புகார் சொல்லலாமா என்று ரூமில் இருப்பவர்களைக் கேட்டேன். சிரித்தார்கள். காலையில் கடை திறப்பது சீனியர், ஆள் வராவிட்டால் இரண்டு ஆள் வேலை பார்ப்பதும் அவர். அவரைப் பகைத்துக்கொள்ள மேனேஜர் என்ன மடையரா?

இன்னொன்றும் சொன்னார்கள். பதினைந்து வருஷத்துக்குப் பிறகும் அவர் சம்பளம் என்னுடையதைவிடப் பெரிதாக ஒன்றும் அதிகமில்லையாம். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குறையை முதலாளியிடம் கேட்காமல் என் தட்டிலிருந்து எடுப்பது எந்த ஊர் நியாயம்?

உருப்படியான யோசனை சொன்னது தோசை மாஸ்டர்தான். "வாயத் தொறந்து நம்பரச் சொல்லுடா. நீ ஊமை மாதிரி வந்து நின்னா எது யாருக்குன்னு எனக்கெப்பிடித் தெரியும்?" அன்று மாலையிலிருந்தே ஆரம்பித்தேன். "மாஸ்டர், பதினெட்டு, ரெண்டு நெய் ரோஸ்ட், என்னுது!" அடுப்படி முழுக்கக் கேட்கும்படி. மாஸ்டரும் தோசையைத் திருப்பிக்கொண்டே "பதினெட்டு ரெடி" என்று பதிலுக்குக் கத்துவார். பத்துப் பேர் காதில் விழுந்த தட்டை எடுக்க சீனியருக்குக் கை வரவில்லை. பக்கத்தில் வந்து, "சந்தைக் கடையா இது?" என்றார். நான் கத்துவதை நிறுத்தவில்லை.

மே 8, வியாழன்

மீனாட்சி திருக்கல்யாணம். புதுத் தாலிக் கயிறும் மஞ்சளுமாகப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சீனியர் ஒருவரால் ஹாலைச் சமாளிக்க முடியாமல் மேனேஜரே இறங்கி, அந்தப் பழைய தாளைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு டேபிள் பிரித்தார். எனக்கு ஏ.சி. ஹாலில் பாதி!

பன்னிரண்டாம் டேபிளில் ஒரு பாட்டி, மகள், பேத்திகள். திருமங்கலத்திலிருந்து விடிகாலையிலேயே கிளம்பி வந்திருக்கிறார்கள். பாட்டிக்குப் பல் இல்லை, ரோஸ்ட் வேண்டாம், மெத்தென்று ஊத்தப்பம், சாம்பாரில் ஊறவைத்து. ரெண்டு தரம் சாம்பார் ஊற்றினேன். போகும்போது ஐம்பது ரூபாய் தட்டில் வைத்தார். நான் தண்ணீர் ஜக்கோடு திரும்புவதற்குள் சீனியர் தட்டில் கை வைத்துவிட்டார்.

"அண்ணே, அது என் டேபிள்."

"எல்லாம் கடை டேபிள்தான்டா."

வாசல்வரை போன பாட்டி திரும்பிப் பார்த்தார். "யப்பா, அது சாம்பார் ஊத்துன பயலுக்கு வச்சது" என்றார், எனக்கு ஈடான சத்தத்தில். சீனியர் நோட்டைத் தட்டிலேயே போட்டார். கல்லாவிலிருந்து மேனேஜரும் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

மே 9, வெள்ளி

தேரோட்டம். எழுதத் தெம்பில்லை. கணுக்கால் வீங்கியிருக்கிறது.

மே 13, செவ்வாய்

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். வைகைக்குப் போக முடியவில்லை, ராத்திரி முழுக்கக் கடை திறந்திருந்தது.

இன்று கல்லாவுக்குப் பின்னால் புதுத் தாள். வாரம் ஒரு தரம் டேபிள் மாறும் என்று மேனேஜர் கையெழுத்து. அது எனக்காகவா, திருவிழாவில் பட்ட பாட்டாலா தெரியாது. இந்த வாரம் பேசின் பக்கம் சீனியருக்கு. அவர் என்னோடு பேசுவதில்லை. வேலை சம்பந்தமாக எதுவும் சொல்ல வேண்டுமென்றால் கிளீனர் அக்காவிடம் சொல்லி அனுப்புகிறார். எனக்கு அதில் வருத்தமில்லை.

சாயங்காலம் மட்டும் நேராக வந்தார். வியாழக்கிழமை ஊருக்குப் போகிறாராம், அவருடைய ராத்திரி டூட்டியை நான் பார்க்க வேண்டுமாம். என்னுடைய மே தின மாற்று லீவு அன்றைக்குத்தான். பார்க்கிறேன் அண்ணே, பதிலுக்குச் சனிக்கிழமை என் டூட்டியை நீங்கள் பாருங்கள், எனக்கு அன்றைக்கு லீவு, மேனேஜர் முன்னால் எழுதிக்கொள்வோம் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.