அங்கே ராஜா பிந்தி வந்தவர்

புறநானூற்றில் 186ஆம் பாட்டும் 187ஆம் பாட்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னது மோசிகீரனார் பாடியது: நெல்லும் உயிரல்ல, நீரும் உயிரல்ல, மன்னன்தான் உலகுக்கு உயிர். பின்னது நம் தகடூர் (இன்றைய தர்மபுரி) அதியமானோடு சேர்த்தே பேசப்படும் ஔவையார் பாடியது: நாடோ காடோ, பள்ளமோ மேடோ, எங்கே ஆட்கள் நல்லவர்களோ அங்கே நிலமும் நல்லது. எபிரேய வேதத்தை, அதாவது பைபிளின் பழைய ஏற்பாட்டை, அரசியல் நூலாக வாசிக்க உட்காரும் தமிழர் பெரும்பாலும் 186ஐ மனதில் வைத்துக்கொண்டே உட்காருகிறார். அதில் வரும் இஸ்ரவேல் ராஜாக்கள் தாவீதும் சாலொமோனும் மூவேந்தர் மாதிரி தெரிகிறார்கள். தடம் மாறுவது அங்கேதான். அந்த நூலில் மக்கள் முதலில், சட்டம் அடுத்தது, ராஜா ரொம்பப் பிந்தி.

வேதத்துக்கு வெளியே கிடைத்த சான்றும் இதற்கு ஒத்துப்போகிறது. கி.மு. 1208 வாக்கில் எகிப்திய மன்னன் மெர்னெப்தா வெட்டிய வெற்றிக்கல் 1896இல் தீப்ஸில் கிடைத்தது. அதில் அஸ்கலோன், கேசேர் போன்ற ஊர்ப் பெயர்களுக்குப் பின்னால் நிலத்தைக் காட்டும் குறி இருக்கிறது. இஸ்ரவேல் என்ற பெயருக்குப் பின்னால் உட்கார்ந்த ஓர் ஆண், ஒரு பெண், மூன்று கோடு: அதாவது மக்கள் கூட்டம். ராஜா பெயர் கிடையாது. நடுகல் எழுத்தைத் தடவிப் படித்துப் பழகிய தர்மபுரிக்காரர்களுக்கு இப்படி ஒரு சின்னக் குறியின் எடை தெரியும்.

அடுத்த இடறல் நம் மொழிபெயர்ப்பில். புராட்டஸ்டண்ட் சபைகளில் இன்றும் வாசிக்கிற பழைய பைபிளில் 'கோய்' என்ற எபிரேயச் சொல் 'ஜாதி' என்று வருகிறது. ஆபிரகாமுக்கு "பெரிய ஜாதி", யாத்திராகமம் 19:6இல் "பரிசுத்த ஜாதி". இன்றைய காதுக்கு இது சாதிச் சான்றிதழ் மாதிரி கேட்கும். ஆனால் கோய் என்பது நிலமும் ஆட்சியமைப்பும் உள்ள ஒரு தேசம். இன்னொரு சொல் 'அம்'. பழைய பைபிளில் 'ஜனம்'. அதன் வேரில் தகப்பன்வழி உறவு இருக்கிறது. நம் வழக்கில் 'பங்காளி' என்பதற்குப் பக்கத்தில் வரும். யாத்திராகமம் 33:13இல் இரண்டும் ஒரே வரியில் வருகின்றன: இந்த 'கோய்' உம்முடைய 'அம்' என்று நினைத்தருளும் என்கிறார் மோசே. ஒரு தேசத்தைப் பங்காளியாக ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறார். இரண்டு சொல்லையும் 'மக்கள்' என்று ஒன்றாக்கினால் அந்த வரி செத்துவிடும். இஸ்ரவேலின் உட்பிரிவுகளைக் குறிக்கப் பழைய பைபிள் எடுத்த 'கோத்திரம்' என்பதிலும் இதே சிக்கல்தான். 1995இல் வந்த புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'குலம்' என்று மாற்றியது நல்ல காரியம்.

இனி 1 சாமுவேல் 8. மற்ற தேசங்களைப் போல எங்களுக்கும் ராஜா வேண்டும் என்று மூப்பர்கள் கேட்கிறார்கள். ராஜா என்ன செய்வான் என்று தீர்க்கதரிசி சாமுவேல் பட்டியல் போடுகிறார். 11 முதல் 17 வரை பென்சிலோடு படியுங்கள். 'எடுப்பான்' என்ற எபிரேய வினை நாலு முறை வருகிறது: பிள்ளைகளைத் தேருக்கு, பெண்களைச் சமையலுக்கு, நல்ல வயலையும் திராட்சைத் தோட்டத்தையும், கடைசியில் வேலைக்காரரையும் கழுதையையும். தானியத்திலும் ஆட்டிலும் பத்தில் ஒன்று தனி.

புறநானூற்றில் பிசிராந்தையாரின் 184ஆம் பாட்டு நினைவுக்கு வரும். 'மா' என்ற நில அளவில் ஒன்றுக்கும் குறைந்த நிலத்து நெல்லை அறுத்துக் கவளமாக ஊட்டினால் யானைக்குப் பல நாள் ஆகும். நூறு வயலானாலும் அதுவே புகுந்து மேய்ந்தால் வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் கொல்லை வைத்திருப்பவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. ஆனால் வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். பிசிராந்தையார் பாண்டியனிடம் சொல்கிறார்: யானையை அளவாகத் தின்னச் சொல்கிறார். சாமுவேல் ஜனங்களிடம் சொல்கிறார்: யானையே வேண்டாம் என்கிறார். அவர்கள் கேட்கவில்லை.

சரி, ராஜா வந்தே தீருவான் என்றால் அவனுக்கு வேலி என்ன? சட்டப் புத்தகமான உபாகமம் 17:14-20. குதிரைகளைப் பெருக்காதே, மனைவிகளைப் பெருக்காதே, வெள்ளியும் பொன்னும் மிகுதியாய்ப் பெருக்காதே. அவன் செய்யவேண்டிய வேலை என்று சொல்லப்படுவது ஒன்றுதான்: சட்டத்தைப் பிரதி எழுதி நாள்தோறும் வாசிப்பது. படை நடத்துவது, வரி வாங்குவது, சட்டம் போடுவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதைக் கையில் வைத்துக்கொண்டு 1 இராஜாக்கள் 10, 11 அதிகாரங்களுக்குப் போனால் சாலொமோனின் புகழ்ச்சி குற்றப்பத்திரிகையாக மாறிவிடும்: 1,400 தேர், எகிப்திலிருந்து குதிரை, ஒரு வருஷத்தில் 666 தாலந்து பொன், 700 மனைவியர், 300 மறுமனையாட்டிகள். தாலந்தை ஏறக்குறைய 34 கிலோ என்று வைத்தால் பொன் மட்டும் 22 டன்னைத் தாண்டும். மகன் ரெகொபெயாம் காலத்தில் கட்டாய வேலையை மேற்பார்த்த அதிகாரியைக் கல்லால் அடித்துக் கொன்றார்கள், நாடு இரண்டானது.

எதிர்க்குரலும் உள்ளே உண்டு. ராஜா இல்லாததால் அவனவன் இஷ்டப்படி நடந்தான் என்று நியாயாதிபதிகள் புத்தகம் முடிகிறது. ஆனால் அதே புத்தகத்தின் 9ஆம் அதிகாரத்தில், மரங்கள் தங்களுக்கு ராஜா தேடும் கதையில், ஒலிவமும் அத்தியும் திராட்சையும் ராஜபதவி வேண்டாம் என்க, முட்செடி மட்டும் "என் நிழலுக்குள் வாருங்கள்" என்கிறது. முட்செடிக்கு ஏது நிழல்?

சட்டம் ராஜாவுடையது அல்ல என்பதுதான் இதற்கெல்லாம் ஆணிவேர். பாபிலோனில் ஹமுராபி ராஜா தன் பெயரில் கல் நட்டான். இங்கே சட்டத்தொகுப்பு எதுவும் ராஜா பெயரில் இல்லை. கொள்ளைப்பொருளைப் பங்கிடத் தாவீது வகுத்த விதி (1 சாமுவேல் 30) ஒரு தனி விலக்கு. அப்போது அவர் முடிசூடவும் இல்லை. அதனால்தான் கி.மு. 586இல் எருசலேம் விழுந்து ராஜா போன பிறகும் சட்டம் போகவில்லை, ஜனமும் கலையவில்லை.

நாபோத் கதையைக் கடைசியாகப் படியுங்கள் (1 இராஜாக்கள் 21). ஆகாப் ராஜா பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தைக் கேட்கிறான். அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லாவிட்டால் விலை தருகிறேன் என்கிறான். பிதாக்களின் காணி, தரமாட்டேன் என்கிறார் நாபோத். ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிடுகிறான். பிடுங்க அவனுக்கு உரிமை இல்லை. ராணி யேசபேல் அவன் முத்திரையைப் போட்டு ஊர் மூப்பர்களுக்குக் கடிதம் எழுதி, பொய்ச்சாட்சி வைக்கச் சொல்கிறாள். ஒருவரை அல்ல, இரண்டு பேரை. மரண தண்டனைக்கு உபாகமம் 17:6 கேட்கிற குறைந்தபட்சச் சாட்சி எண்ணிக்கை அது.