பழைய சென்சார் மேல் பழி போட்டிருந்தேன்

ஒன்றரை மாதமாக என்னைத் தூங்கவிடாத சிக்கல் நேற்று தீர்ந்துவிட்டது.

காரின் எக்ஸாஸ்ட் குழாயை மாற்றிய நாளிலிருந்தே இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏற்காடு ஏறினால் ஏழாவது வளைவிலேயே பெட்ரோல் நாற்றம். ஸ்கேனரோ எரிபொருள் போதவில்லை என்கிறது. வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது (ஐடிலில்) காரின் கணினி 22 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றுகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி போல் கறுப்பு, பெட்ரோல் அதிகம் என்பதற்கு அடையாளம்! எதை நம்புவது? புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று பார்த்துக் கணினிக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினேன். பணம்தான் போனது.

சேலம் அஸ்தம்பட்டி மெக்கானிக் அண்ணன் மட்டும், "அதைத் திட்டாதே தம்பி, பார்ப்பதைத்தான் அது சொல்லும்" என்றார். சைலன்சர் வழியாகக் காற்றை ஊதிவிட்டு, குழாய் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தெளித்தார். சென்சாருக்கு ஒரு சாண் முன்னால், இணைப்பில், கடுகு கடுகாய்க் குமிழிகள்.

புகை சீராகப் பாய்வதில்லை, துடித்துத் துடித்துத்தான் பாய்கிறது. அந்த இடைவெளிகளில் ஓட்டை வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. அதிலுள்ள ஆக்சிஜனைக் கண்டு சென்சார், 'பெட்ரோல் போதவில்லை' என்று பொருள்படும் 0.1 வோல்ட்டிலேயே நின்றுவிட, கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்றுகளில் ஓடும்போது அந்த 22 சதவீதம் 8 ஆக இறங்கியபோதே கசிவைச் சந்தேகித்திருக்க வேண்டும். வேகம் கூடினால் உறிஞ்சல் குறையும்.

அந்த இணைப்பை அடைக்கும் கேஸ்கெட்டை மாற்றி, கணினியின் பழைய கணக்கை அழித்தோம். 0.1க்கும் 0.8க்கும் இடையே வோல்ட் துள்ளத் தொடங்கியது. அவ்வளவு அழகு! இன்று காலை 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏற்காடு ஒண்டிக்கடையில் நிறுத்தி மோந்து பார்த்தேன். பெட்ரோல் வாசமே இல்லை.

பழைய சென்சாரை எறியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி மாட்டிப் பார்க்கப்போகிறேன்.